காரைக்குடி வீட்டு வாசலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை: விமானத் தூரத்தையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முழுமையான வழிகாட்டி

செட்டிநாட்டின் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பிள்ளையோ பேரனோ கலிபோர்னியாவிலோ சிட்னியிலோ லண்டனிலோ இருக்கும் வீடுகள் பல உண்டு. பேரப்பிள்ளைப் பேற்றுக்காகவும் கோடை விடுமுறைக்காகவும் அங்கே புறப்படும் பெற்றோர் முதலில் கேட்பது, "மொத்தம் எத்தனை மணி நேரம்?" என்பதுதான். இந்த ஒரு கேள்விக்கு மூன்று விடைகள் உள்ளன. விமானம் வானில் இருக்கும் நேரம் ஒன்று. பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் மொத்த நேரம் மற்றொன்று. நம் வீட்டு வாசற்படியை விட்டு இறங்கியது முதல் பிள்ளையின் வீட்டு வாசலை மிதிக்கும் வரை ஆகும் நேரம் மூன்றாவது. உடல் தாங்க வேண்டியது மூன்றாவது நேரத்தையே என்பதால், முதியவர்களை அனுப்பும் ஒவ்வொரு குடும்பமும் அதைக் கணக்கிட்டுப் பார்த்த பிறகே சீட்டு எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த வழிகாட்டி திருச்சிராப்பள்ளி விமான நிலையத்தையும் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு, தூரத்தையும் நேரத்தையும் படிப்படியாகக் கணக்கிடுகிறது. உங்கள் பயணம் மதுரையிலிருந்து லண்டனுக்கோ சென்னையிலிருந்து டொராண்டோவுக்கோ இருந்தாலும் முறை இதுவே. எண்கள் மட்டும் மாறும்.

முதற்படி: நேர்த்தூரத்தைக் கண்டறிதல்

சுவரில் மாட்டியிருக்கும் உலகப் படத்தில் அளவுகோலை வைத்துத் தூரம் அளக்க வேண்டாம். நாம் வழக்கமாகப் பார்க்கும் தட்டையான படம், மெர்கேட்டர் என்பவர் 1569-ஆம் ஆண்டில் கப்பல் மாலுமிகளுக்காக வரைந்த முறையைத் தழுவியது. அதில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நிலப்பரப்புகள் பெரிதாகிக்கொண்டே போகும். ஆப்பிரிக்காவில் பதினான்கில் ஒரு பங்கு அளவே உள்ள கிரீன்லாந்து, அந்தப் படத்தில் ஆப்பிரிக்காவுக்கு இணையாகத் தெரிவது இதனால்தான். வடதுருவத்தை ஒட்டிச் செல்லும் விமானப் பாதைகளை இத்தகைய படத்தில் வைத்து மதிப்பிட்டால் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

உருண்டையான பூமியின் மேல் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழி, பூமியின் மையத்தைத் தன் மையமாகக் கொண்ட வட்டத்தின் ஒரு பகுதி. அதைப் பெருவட்டப் பாதை என்கிறார்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளைகளின் உலக உருண்டை இருந்தால் ஒரு நூலே போதும். திருச்சியில் நூலின் ஒரு முனையை வைத்து, மறுமுனையைச் சான் பிரான்சிஸ்கோவில் பிடித்து, தொய்வில்லாமல் இழுங்கள். நூல் தானே மிகக் குறுகிய வழியில் படியும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டையில் ஒரு சென்டிமீட்டர் நூல் ஏறத்தாழ 425 கிலோமீட்டருக்குச் சமம். நூலின் நீளம் முப்பத்து மூன்றரை சென்டிமீட்டர் அளவில் வரும். ஆகவே தூரம் ஏறத்தாழ 14,200 கிலோமீட்டர்.

எண்களில் துல்லியம் வேண்டுவோர் அட்சரேகை, தீர்க்கரேகை கொண்டு கணக்கிடலாம். திருச்சி விமான நிலையம் வடக்கு 10.77 பாகை, கிழக்கு 78.71 பாகையில் உள்ளது. சான் பிரான்சிஸ்கோ விமான நிலையம் வடக்கு 37.62 பாகை, மேற்கு 122.38 பாகையில் உள்ளது. ஒன்று கிழக்கு, மற்றது மேற்கு என்பதால் தீர்க்கரேகைகளைக் கூட்ட வேண்டும், 201.09 பாகை வரும். அது 180-ஐத் தாண்டுவதால் 360-இலிருந்து கழித்தால் 158.91 பாகை கிடைக்கும். இதுவே இரு இடங்களுக்கும் இடையிலான தீர்க்கரேகை வேறுபாடு. இனி, இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைத் தம்முள் பெருக்குங்கள்: 0.114. இரு அட்சரேகைகளின் கோசைன் மதிப்புகளையும் தீர்க்கரேகை வேறுபாட்டின் கோசைனையும் பெருக்குங்கள்: −0.726. இரண்டையும் கூட்டினால் −0.612. எந்தக் கோணத்தின் கோசைன் இந்த மதிப்பு என்று கணிப்பானில் பார்த்தால் 127.7 பாகை என்று வரும். பூமியின் மேற்பரப்பில் ஒரு பாகை என்பது 60 கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். ஆக, 127.7-ஐ 60-ஆலும் பிறகு 1.852-ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 14,200 கிலோமீட்டர். நூல் சொன்னதும் இதுவே.

பூமி முழு உருண்டையாக இல்லாமல் துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதால் (நிலநடுக்கோட்டு ஆரம் 6,378 கிலோமீட்டர், துருவ ஆரம் 6,357 கிலோமீட்டர்) இந்தக் கணக்கில் மிகச் சிறிய பிழை இருக்கும். பயணத் திட்டத்துக்கு அது ஒரு பொருட்டே அன்று. கணக்கே வேண்டாம் என்பவர்கள், விமான நிலையங்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளை இட்டவுடன் பெருவட்டத் தூரத்தைச் சொல்லும் இணையக் கருவிகளைப் பயன்படுத்தலாம். திருச்சிக்கு டி.ஆர்.இசட், மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம், சென்னைக்கு எம்.ஏ.ஏ, சான் பிரான்சிஸ்கோவுக்கு எஸ்.எஃப்.ஓ.

நூலை இழுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு வியப்பு காத்திருக்கும். அமெரிக்கா செல்ல நூல் கிழக்கேயும் போகாது, மேற்கேயும் போகாது. திருச்சியிலிருந்து அது ஏறக்குறைய வடக்கு நோக்கிக் கிளம்பி, சற்றே கிழக்காகச் சாய்ந்து, இமயத்தைக் கடந்து, சீனா, மங்கோலியா, சைபீரியா வழியாக வடக்கு 69 பாகை வரை ஏறி, பிறகு அலாஸ்கா பக்கமாக இறங்கிச் சான் பிரான்சிஸ்கோவை அடையும்.

இரண்டாம் படி: விமானம் செல்லும் உண்மையான வழியைப் பிரித்தல்

நேர்த்தூரம் 14,200 கிலோமீட்டர் என்று தெரிந்தாலும் அந்த வழியில் திருச்சியிலிருந்து விமானம் கிடையாது. 2024 ஜூன் மாதம் முதல் புதிய முனையம் இயங்கிவரும் திருச்சி நிலையத்தின் ஓடுபாதை ஏறத்தாழ 2,480 மீட்டர் நீளமே உடையது. பதினாறு மணி நேரத்துக்கு வேண்டிய எரிபொருளை நிரப்பிக்கொண்டு முழு எடையுடன் எழும்பும் பெரிய விமானத்துக்கு அது போதாது. சென்னையின் முதன்மை ஓடுபாதை 3,650 மீட்டருக்கும் மேல் நீளமானது. (இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமைந்த பழைய ஓடுதளம் நம் செட்டிநாட்டிலேயே இருந்தும், பயணிகள் விமானத்துக்கு நாம் இன்றும் திருச்சிக்கோ மதுரைக்கோதான் போக வேண்டியுள்ளது.) ஆகவே பயணத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொன்றின் தூரத்தையும் தனியே கண்டு கூட்ட வேண்டும்.

சிங்கப்பூர் வழி: திருச்சி–சிங்கப்பூர் ஏறத்தாழ 2,980 கிலோமீட்டர், சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 13,590 கிலோமீட்டர், மொத்தம் 16,570. துபாய் வழி: திருச்சி–துபாய் ஏறத்தாழ 2,940, துபாய்–சான் பிரான்சிஸ்கோ ஏறத்தாழ 13,020, மொத்தம் 15,960. ஒன்று கிழக்கே போகிறது, மற்றொன்று மேற்கே போகிறது. ஆயினும் வேறுபாடு 600 கிலோமீட்டர் அளவே, அதாவது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. துபாயின் தீர்க்கரேகை கிழக்கு 55 பாகை. சான் பிரான்சிஸ்கோவினது மேற்கு 122 பாகை. இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 180 பாகை ஆவதால், அவற்றுக்கு இடையிலான மிகக் குறுகிய வழி வடதுருவத்துக்கு மிக அருகே செல்கிறது.

சென்னை, டெல்லி வழியாகச் சென்றால் தூரம் இன்னும் குறையும். திருச்சி–சென்னை 290, சென்னை–டெல்லி 1,760, டெல்லி–சான் பிரான்சிஸ்கோ 12,380 என்று கூட்டினால் 14,430 கிலோமீட்டர் வரும். நேர்த்தூரத்தைவிட 230 கிலோமீட்டர்தான் கூடுதல். நூல் வடக்கே கிளம்பியதை நினைவில் கொண்டால் இதன் காரணம் புரியும்: டெல்லி ஏறக்குறைய அந்த வழியிலேயே இருக்கிறது. ஆனால் மூன்று விமானங்கள், இரண்டு காத்திருப்புகள் என்பதால் தூரத்தில் மிச்சமாவது நேரத்தில் கரைந்துபோகலாம். பெங்களூருக்கும் சான் பிரான்சிஸ்கோவுக்கும் இடையே ஏர் இந்தியா 2021 ஜனவரியில் இடைநில்லாச் சேவையைத் தொடங்கியபோது, சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பிய அதன் முதல் விமானத்தைப் பெண் விமானிகளே துருவ வழியாகப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார்கள். அந்தத் தூரம் ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். இத்தகைய இடைநில்லாச் சேவைகள் ஆண்டுக்கு ஆண்டு கூடுவதும் குறைவதும் உண்டு. சீட்டு எடுக்கும் வாரத்தில் எது இயங்குகிறது என்று பார்ப்பதே முறை.

மூன்றாம் படி: தூரத்தை நேரமாக மாற்றுதல்

விமானம் உச்ச உயரத்தில் பறக்கும்போது அதன் வேகம் ஒலியின் வேகத்தை ஒட்டிச் சொல்லப்படும். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே 56 பாகை வரை இருக்கும். அங்கே ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கிலோமீட்டர் அளவுதான். திருச்சிக்கு வரும் ஏர்பஸ் 320 போன்ற சிறிய விமானங்கள் அதில் நூற்றுக்கு 78 பங்கு வேகத்தில் பறக்கின்றன. அது மணிக்கு 830 கிலோமீட்டர். ஏர்பஸ் 350, போயிங் 777, 787 போன்ற பெரிய விமானங்கள் நூற்றுக்கு 85 பங்கு வேகத்தில், அதாவது மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்.

தூரத்தை இந்த வேகத்தால் வகுத்து, ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஓடுபாதையில் ஊர்வதற்கும் சேர்த்து முப்பது முதல் நாற்பது நிமிடங்களைக் கூட்டுங்கள். திருச்சி–சிங்கப்பூர்: 2,980-ஐ 830-ஆல் வகுத்தால் மூன்று மணி முப்பத்தைந்து நிமிடம்; நாற்பது நிமிடம் கூட்டினால் நான்கேகால் மணி நேரம். சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ: 13,590-ஐ 900-ஆல் வகுத்தால் பதினைந்து மணி ஆறு நிமிடம், அரை மணி கூட்டினால் பதினைந்தரை மணிக்குச் சற்று மேல்.

காற்று அசையாமல் நின்றால் இந்தக் கணக்கு அப்படியே பலிக்கும். காற்றோ நிற்பதில்லை. வடகோளத்தின் நடு அட்சங்களில், விமானங்கள் பறக்கும் அதே உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஓர் ஆற்றைப் போல ஓடும் ஜெட் காற்று இருக்கிறது. குளிர்காலத்தில் ஜப்பானை ஒட்டிய பசிபிக் பகுதியில் அது மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டி வீசுவது உண்டு. சிங்கப்பூரிலிருந்து கிழக்கே சான் பிரான்சிஸ்கோ செல்லும் விமானம் அதன் முதுகில் ஏறிக்கொள்கிறது. திரும்பி வரும் விமானம் அதை எதிர்த்து வர வேண்டியிருக்கிறது. அதனால் போகும்போது பதினைந்து மணி நேரத்தை ஒட்டி முடியும் பயணம், வரும்போது பதினாறரை முதல் பதினேழு மணி நேரத்துக்கு மேலும் நீளலாம். ஒரே தூரம், ஒரே வகை விமானம், வேறுபாடு மட்டும் ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல்.

தூரம் கூடினால் நேரமும் கூடும் என்று நினைப்பவர்களுக்கு 2016 அக்டோபரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அதுவரை டெல்லியிலிருந்து அட்லாண்டிக் வழியாகச் சான் பிரான்சிஸ்கோ சென்றுகொண்டிருந்த ஏர் இந்தியா விமானம், பசிபிக் வழியை எடுத்தது. அந்த வழி ஏறத்தாழ 15,300 கிலோமீட்டர். பழைய வழியைவிட 1,400 கிலோமீட்டர் கூடுதல். ஆயினும் முதுகுக் காற்றின் துணையால் பதினான்கரை மணி நேரத்தில், முன்பைவிட விரைவாகவே அது போய்ச் சேர்ந்தது. எனவே இரண்டு வழிகளை ஒப்பிடும்போது கிலோமீட்டரை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. போகும் திசையையும் மாதத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காற்று மட்டுமன்றி வேறு சில காரணங்களாலும் விமானம் பெருவட்டத்தை விட்டு விலகும். திபெத்தின் மேல் நேராகப் பறப்பதை விமானங்கள் பெரும்பாலும் தவிர்க்கின்றன. விமானத்தினுள் காற்றழுத்தம் குறைந்தால் உடனே 3,000 மீட்டர் உயரத்துக்கு இறங்க வேண்டும். அந்தப் பீடபூமியின் சராசரி உயரமோ 4,500 மீட்டர். அரசியல் காரணங்களும் உண்டு. 2022 பிப்ரவரி முதல் உக்ரைன் போரை ஒட்டி ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் இந்திய விமானங்களுக்குப் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டபோது, டெல்லியிலிருந்து மேற்கே செல்லும் பயணங்கள் நீண்டன. இவற்றையெல்லாம் நாமே கணிக்க இயலாது. ஆனால் ஃபிளைட்ரேடார்24 போன்ற தளங்களில் விமான எண்ணை இட்டால், கடந்த சில நாள்களில் அந்த விமானம் எப்போது எழும்பியது, எப்போது இறங்கியது என்று தெரியும். அந்த நாள்களின் சராசரியே மிக நம்பகமான எண். நம் கணக்கு அதற்கு அருகில் வந்தால் மனநிறைவு கொள்ளலாம்.

நான்காம் படி: எல்லாவற்றையும் இந்திய நேரத்தில் எழுதுதல்

குடும்பங்கள் மிகுதியாகக் குழம்பும் இடம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்ப்போம். பயணச்சீட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ குளிர்காலத்தில் நம்மைவிடப் பதின்மூன்றரை மணி நேரமும், மார்ச் மாத இரண்டாம் ஞாயிறு முதல் நவம்பர் மாத முதல் ஞாயிறு வரை பன்னிரண்டரை மணி நேரமும் பின்னால் இருக்கிறது. அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள். இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் அந்த வழக்கம் இல்லை.

இதில் தலைசுற்றாமல் இருக்க ஒரே வழி, ஒரு தாளை எடுத்து ஒவ்வொரு நிகழ்வையும் இந்திய நேரத்தில் எழுதுவதே. ஜூலை மாதப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். நேரங்கள் விளக்கத்துக்காக நான் இட்டவை. வெள்ளிக்கிழமை இரவு 11.30 மணிக்குத் திருச்சியில் விமானம் புறப்படுகிறது. நான்கேகால் மணி நேரம் பறந்து இறங்கும்போது நமக்குச் சனிக்கிழமை அதிகாலை 3.45; சிங்கப்பூரில் காலை 6.15. அங்கே மூன்று மணி நேரக் காத்திருப்பு. அடுத்த விமானம் சிங்கப்பூர் நேரம் காலை 9.15-க்கு, அதாவது நம் நேரம் காலை 6.45-க்குக் கிளம்புகிறது. பதினைந்தேகால் மணி நேரம் கழித்து இறங்கும்போது நமக்குச் சனிக்கிழமை இரவு 10 மணி; சான் பிரான்சிஸ்கோவிலோ அதே சனிக்கிழமை காலை 9.30. சிங்கப்பூரில் காலை 9.15-க்கு ஏறியவர் பதினைந்து மணி நேரத்துக்கு மேல் பறந்த பிறகும் அதே தேதியில் காலை 9.30-க்கு இறங்குகிறார். பசிபிக் நடுவே சர்வதேசத் தேதிக்கோட்டைக் கிழக்கு நோக்கிக் கடக்கும்போது ஒரு நாள் நமக்குத் திரும்பக் கிடைக்கிறது. சீட்டில் "15 நிமிடப் பயணம்" போலத் தோன்றுவதைக் கண்டு அஞ்ச வேண்டாம்.

திரும்பும் வழியில் அந்த நாளைத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். திங்கட்கிழமை காலை 10.30-க்குச் சான் பிரான்சிஸ்கோவில் ஏறினால் நமக்கு அது திங்கள் இரவு 11 மணி. பதினாறே முக்கால் மணி நேரம் கழித்துச் சிங்கப்பூரில் இறங்கும்போது அங்கே செவ்வாய் மாலை 6.15. இரவு விமானம் பிடித்துத் திருச்சியில் இறங்கி ஊர் வந்து சேர்வதற்குள் புதன்கிழமை பிறந்துவிடும். கோயில் விழாவுக்கோ திருமணத்துக்கோ ஊருக்கு வருபவர்கள், புறப்படும் தேதியிலிருந்து இரண்டு தேதிகளைத் தள்ளியே கணக்கிட வேண்டும். சீட்டில் இறங்கும் நேரத்தின் அருகே "+1" என்றோ "+2" என்றோ சிறிய எழுத்தில் இருப்பதன் பொருள் இதுவே.

மற்றோர் எச்சரிக்கை. சனிக்கிழமை 00.40 என்று சீட்டில் இருந்தால், வெள்ளிக்கிழமை மாலையே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். நள்ளிரவுக்குப் பின் தேதி மாறுவதை மறந்து, சனிக்கிழமை இரவு விமான நிலையம் போய் நிற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சீட்டின் மேலேயே "வெள்ளி மாலை கிளம்ப வேண்டும்" என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஐந்தாம் படி: வாசலிலிருந்து வாசல் வரை

காரைக்குடியிலிருந்து திருச்சி விமான நிலையம், கானாடுகாத்தான், திருமயம், புதுக்கோட்டை வழியாக ஏறத்தாழ 90 கிலோமீட்டருக்குள் அடங்கும். நிலையம் புதுக்கோட்டைச் சாலையிலேயே இருப்பதால் திருச்சி நகருக்குள் நுழைய வேண்டியதில்லை. அது நமக்குப் பெரிய வசதி. இரண்டு மணி நேரம் போதும் என்றாலும் இரண்டேகால் என்று எழுதுங்கள். திருமயத்தில் கோட்டை பைரவர் சந்நிதியில் வண்டியை நிறுத்திக் கும்பிடாமல் யாரும் போவதில்லை. மதுரை விமான நிலையம் செல்பவர்கள் பிள்ளையார்பட்டியில் இறங்குவார்கள். அங்கே கூட்ட நாளாக இருந்தால் அதற்கென்றே ஒரு மணி நேரம் ஒதுக்க வேண்டும். நல்ல நேரம் பார்த்துப் புறப்படும் வீடுகளில், இராகு காலத்துக்கு முன்பே கிளம்பி வழியில் உறவினர் வீட்டில் தங்க நேரிடலாம். அந்த நேரத்தையும் தாளில் எழுதிவிட்டால் கடைசி நாளில் விவாதம் வராது.

சென்னையிலிருந்து ஏறுபவர்களுக்குக் காரைக்குடியிலிருந்து ஏறத்தாழ 400 கிலோமீட்டர் பயணம் கூடும். பல்லவன் எக்ஸ்பிரஸில் சென்று தாம்பரத்தில் இறங்கி, புறநகர் ரயிலில் திரிசூலம் சென்றால் விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. ஆனால் அதே நாள் இரவு விமானம் என்றால், பகல் முழுவதும் ரயிலிலும் காத்திருப்பிலும் கழித்த முதியவர் அதன் பிறகே நெடும்பயணத்தைத் தொடங்குகிறார். என்னைக் கேட்டால், கட்டணம் சற்றுக் கூடினாலும் திருச்சியில் ஏறுவதையே அறுபது வயது கடந்தவர்களுக்குப் பரிந்துரைப்பேன்.

வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி வாங்கும் இடத்தை மூடிவிடும். சான் பிரான்சிஸ்கோவில் குடிநுழைவுச் சோதனைக்கும் பெட்டி எடுப்பதற்கும் ஒன்றரை மணி நேரம் வையுங்கள். வேறொரு அமெரிக்க நகர் வழியாகச் சென்றால், அமெரிக்காவில் முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டிகளை எடுத்து மறுபடியும் போட வேண்டியிருக்கும். அங்கே மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளி கூடாது.

இப்போது மேலே சொன்ன எடுத்துக்காட்டை முழுமையாக்குவோம். வெள்ளி மாலை 6 மணிக்குக் காரைக்குடி வீட்டை விட்டுக் கிளம்புகிறோம். 8.15-க்குத் திருச்சி நிலையம். இரவு 11.30-க்கு விமானம். நம் நேரப்படி சனி இரவு 10 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோ. வெளியே வர 11.30. அங்கிருந்து ஃபிரீமாண்ட் அல்லது சான் ஓசே பக்கம் உள்ள வீட்டுக்கு வாகனத்தில் ஒன்றேகால் மணி நேரம் என்று கொண்டால், நம் நேரம் ஞாயிறு 0.45. மொத்தம் முப்பது மணி நாற்பத்தைந்து நிமிடம். இதில் விமானத்தினுள் கழிவது பத்தொன்பதரை மணி நேரம். மீதி பதினொன்றேகால் மணி நேரம் சாலையிலும் வரிசையிலும் காத்திருப்பிலும் போகிறது. காத்திருக்கும் நேரம் ஐந்து மணி கூடினால், இந்த முப்பதே முக்கால் மணி முப்பத்தாறு மணியை நெருங்கும். ஆகவே சில ஆயிரம் ரூபாய் குறைவு என்பதற்காகப் பத்து மணி நேரக் காத்திருப்புள்ள சீட்டை எடுக்கும் முன், அந்தப் பத்து மணி நேரத்தையும் வாசல் கணக்கில் கூட்டிப் பாருங்கள்.

நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் பினாங்கு போன தலைமுறைக்கு, கடலிலேயே பல நாள்கள் கழிந்தன. அந்தக் கணக்கோடு ஒப்பிட்டால் முப்பது மணி நேரம் சிறியதே. ஆனால் கப்பலில் காலை நீட்டிப் படுக்க முடிந்தது. ஊர் நேரம் மெல்ல மெல்ல மாறியது. இங்கே ஒரே இருக்கையில் பதினைந்து மணி நேரம் அமர்ந்து, பகலும் இரவும் இடம் மாறிய ஊரில் இறங்குகிறோம்.

சீட்டு எடுக்கும்போது தவறக் கூடாத ஒன்று

திருச்சி–சிங்கப்பூர் ஒரு சீட்டு, சிங்கப்பூர்–சான் பிரான்சிஸ்கோ வேறொரு சீட்டு என்று தனித்தனியே எடுத்தால் மலிவாகத் தோன்றும். அப்படிச் செய்தால் முதல் விமானத்தில் போட்ட பெட்டி பெரும்பாலும் சிங்கப்பூரிலேயே வெளியே வந்துவிடும். அதை எடுக்கக் குடிநுழைவைக் கடக்க வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர்களுக்குச் சிங்கப்பூருக்குள் நுழைய விசா விதிகள் உண்டு. முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே பதிவு எண்ணில் இரண்டு விமானங்களும் இருக்குமாறு எடுத்தால், பெட்டி இறுதி ஊர் வரை செல்லும். தாமதம் ஏற்பட்டால் அடுத்த விமானத்தில் இடம் தருவது அவர்களின் கடமையாகும். அப்படி எடுத்த சீட்டிலும் இடைக்காத்திருப்பு இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமலும், சக்கர நாற்காலி உதவி பெறுபவர்களுக்கு மூன்று மணி நேரத்தை ஒட்டியும் இருப்பது நல்லது. சக்கர நாற்காலியைச் சீட்டு எடுக்கும்போதே பதிவு செய்யுங்கள். நடக்க முடிந்தவர்களுக்கும், மொழி தெரியாத நிலையத்தில் வழிகாட்ட ஒருவர் உடன் வருவார் என்பதே பெரிய ஆறுதல்.

புறப்படும் வாரத்தில் சரிபார்க்க வேண்டியவை

நேர அட்டவணைகள் மார்ச் இறுதியிலும் அக்டோபர் இறுதியிலும் பருவத்துக்கேற்ப மாறும். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த சீட்டின் நேரம் அப்படியே இருக்கிறதா என்று நிறுவனத்தின் தளத்தில் பதிவு எண்ணை இட்டுப் பாருங்கள். நவம்பர் முதல் ஞாயிறை ஒட்டிப் பயணம் செய்பவர்கள், அமெரிக்க நேர வேறுபாடு பன்னிரண்டரையிலிருந்து பதின்மூன்றரைக்கு மாறுவதையும் தாளில் திருத்திக்கொள்ள வேண்டும். அழைத்துச் செல்ல வரும் பிள்ளைகளுக்கும் அந்தத் தாளின் படம் ஒன்றை அனுப்பிவையுங்கள்; விமானம் தரையிறங்கும் நேரத்துக்கு அவர்கள் வந்து நிற்க வேண்டியதில்லை, ஒரு மணி நேரம் கழித்து வந்தால் போதும்.

அன்றாடம் மாத்திரை உட்கொள்ளும் முதியவர்களுக்கு இதே தாள் வேறொரு பயனும் தரும். வேறுபாடு பன்னிரண்டரை மணி நேரம் என்பதால் நம் ஊர்க் காலை, அங்கே முந்தைய நாள் இரவு. பயணம் முழுவதும் கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்து, மருந்துகளை வழக்கமான இடைவெளியில் எடுத்துக்கொண்டு, அங்கே சென்று உறங்கி எழுந்த பிறகு உள்ளூர் நேரத்துக்கு மாறுவது பலருக்கு எளிதாக இருக்கிறது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் இரத்தம் உறையாமைக்கு மருந்து எடுப்பவர்களும் தாமாக எதையும் மாற்றக் கூடாது. முப்பது மணி நேரக் கணக்கு எழுதிய தாளை மருத்துவரிடமே காட்டி, எந்த வேளை மருந்தை இந்திய நேரப்படி எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும் என்று அதிலேயே குறித்து வாங்கிக்கொள்ள வேண்டும். மருந்துகளையும் மருத்துவரின் சீட்டையும் பெரிய பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். முப்பது மணி நேரத்துக்கு வேண்டிய அளவோடு, தாமதம் ஏற்பட்டால் உதவும் வகையில் இன்னும் இரண்டு நாளைக்கு வேண்டியதும் அதில் இருக்க வேண்டும்.